ரொம் கொலின்ஸ் எவன்?

மதுவகை ஒன்றன் செய்முறையை ஆராயப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் செய்முறைக் குறிப்புக்கும் பாடபேதம் உண்டு; இடைச்செருகலும் உண்டு. ஜின், எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு, சோடா ஆகிய நான்கும் கூடிய ‘ரொம் கொலின்ஸ்’ என்னும் பானத்தின் பெயரை எடுத்துக்கொள்வோம்.

1874 இல் நியூ யோர்க்கில் ஒரு குறும்பு பரவியது. ரொம் கொலின்ஸ் என்பவன் அடுத்த மதுச்சாலையில் இருந்துகொண்டு உம்மைத் தூற்றுகின்றான் என்று நண்பனிடம் கூறுவர். அவன் வெகுண்டு ஓடுவான். அங்குள்ளோரோ, இப்பொழுதுதான் வேறிடம் சென்றான் என்பர். இல்லாத அம்மனிதனைக் கண்டதாகப் பத்திரிகைகளும் எழுதின! தேடி வந்தவனுக்கு அப்பெயரால் ஒரு பானம் வழங்கப்பட்டதென்றும், அதுவே இதன் பிறப்பென்றும் பலர் இன்றும் எழுதிவருகின்றனர். 1876 இல் வெளிவந்த ஜெரி தோமஸின் நூற்பதிப்பில் இச்செய்முறை இடம்பெற்றமை அவர்கள் காட்டும் சான்று.

இஃது எனக்கு உடன்பாடன்று. 1869 இலேயே ‘ஜோன் கொலின்ஸ்’ என்ற பெயரில் இதனையொத்த செய்முறை அமெரிக்காவில் அச்சேறிவிட்டது. அதிற் கூறப்பட்ட ஜின், ‘ஓல்ட் ரொம்’ எனப்படும் சற்றே இனித்த வகை. ஜோன் ரொம்மானதற்கு வேறு காரணம் தேடவேண்டுமா? குறும்பு அப்பெயரைப் பரப்பியிருக்கலாம், பெற்றெடுக்கவில்லை.

இலக்கிய மாணவர்க்கு மற்றுமொரு செய்தி. அவுஸ்திரேலிய எழுத்தாளர் ஜோசப் பேர்பி, 1903 இல் தம் நாவலை ரொம் கொலின்ஸ் என்னும் புனைபெயரிலேயே வெளியிட்டார். முதலாம் உலகப் போரின்போது, அவர் தமையனாரின் தொழிற்சாலை செய்த தண்ணீர் வண்டிகளிற் பொறித்திருந்த ‘பேர்பி’ என்ற குடும்பப் பெயரே அந்நாட்டில் வதந்தியைக் குறிக்கும் சொல்லாயிற்று.

பெயரிற் கலந்த பொய்யையேனும் பொறுக்கலாம். புளிப்பமிலமும் சீனியும் கரைத்துப் போத்தலில் அடைத்து விற்கும் கலவையைச் சாறென்று ஊற்றுவதைப் பொறுத்தல் எங்ஙனம்? பழத்தோலின் நறுமணத்தை ஜின்னிலுள்ள சூரைக்கனி மணத்தோடு இணைப்பதே இப்பானத்தின் உயிர். போத்தற் கலவையில் அம்மணம் ஏது? பழமும் நம் தேசிக்காயன்று. மஞ்சள் நிறமான பெரிய எலுமிச்சை. ஜின் 45 மில்லிலீற்றர், அப்பொழுது பிழிந்த சாறு 30, பாகு 15. இவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கி, உயர்ந்த கண்ணாடிக் குவளையில் வடித்து, 60 மில்லிலீற்றர் சோடாவை இறுதியில் வார்த்தல் வேண்டும். சோடாவையும் சேர்த்துக் குலுக்குவோர் அதன் வாயுவை இழப்பதோடு, பாத்திரத்தின் மூடியையும் இழப்பர்.