வெள்ளச் சமவெளியும் பழுதுபார்க்கும் உரிமையும்

ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் கருத்தரங்க மேடைகளில் ஒரு தீர்ப்பு தவறாமல் வாசிக்கப்படுகிறது: ஆற்றின் இடத்தில் மனிதர்கள் வீடு கட்டினார்கள், ஆறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அறவுரைபோல ஒலிக்கும் இவ்வாக்கியத்தில் 'மனிதர்கள்' என்ற சொல் எவரைக் குறிக்கிறது என்பதை வாசிப்பவரும் சொல்வதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை.

டெல்லியைப் பார்த்தால் விடை தெளிவாகும். யமுனைக் கரையோரம் புஷ்தாவில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குடிசைகள் 2004இல் இடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஆற்றின் கிழக்குக் கரையில் அக்ஷர்தாம் கோயில் திறக்கப்பட்டது. அதன் அருகிலேயே 2010 காமன்வெல்த் போட்டிகளுக்கான வீரர் குடியிருப்பு எழுந்தது. அவ்விடத்தின் தன்மை குறித்து டெல்லி உயர்நீதிமன்றம் 2008இல் ஐயம் எழுப்பியது. அது ஆற்றுப்படுகையும் அல்ல, வெள்ளச் சமவெளியும் அல்ல என்று உச்சநீதிமன்றம் 2009இல் கூறிவிட்டது. கோயிலை ஒட்டிக் கரை எழுப்பப்பட்டபின் அங்கே வெள்ளம் ஏறாது என்ற நிபுணர் கருத்து இவ்வழக்கில் பெரும்பங்கு வகித்தது. அதாவது, ஒரு கட்டடத்துக்காக எழுப்பிய கரை அடுத்த கட்டடத்துக்குச் சான்றிதழாயிற்று. குடிசைவாசிக்கு அப்படிக் கரை கட்டிக்கொடுக்க எவரும் முன்வரவில்லை. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி 1978இன் 207.49 மீட்டரைத் தாண்டியபோது தலைமைச் செயலகத்தின் வாசல்வரை நீர் வந்தது. தலைமைச் செயலகத்தை இடிக்க வேண்டும் என்று அப்போது எந்த ஆய்வறிஞரும் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை.

புதிய கட்டுமானம் பற்றி இவ்வாறு நிறையவே வாதிட்டாயிற்று. பேசப்படாமல் கிடப்பது பழைய வீட்டின் பழுது. வெள்ளம் வடிந்த மறுநாள் சுவரைப் பூசவும், கூரையை மாற்றவும், தரையை ஓர் அடி உயர்த்தவும் முனையும் குடும்பத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து உதவி வழங்குவதற்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் வகுத்த விதிமுறைகளை எடுத்துக்கொள்ளலாம். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கான பட்டியலின்படி, முற்றாக அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். பகுதியளவு, அதாவது குறைந்தது 15 விழுக்காடு, சேதமுற்ற கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். மண்வீட்டுக்கு 4,000 ரூபாய். ஒரு சுவரை எழுப்பவே போதாத தொகை இது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தொகையைவிடக் கொடியது அதனடியில் உள்ள குறிப்பு: சேதமுற்ற வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று மாநில அரசின் தகுதியுடைய அதிகாரி சான்றளித்திருக்க வேண்டும்.

இந்த ஒரு வரி எவரை வெளியேற்றுகிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். ஆற்றங்கரையிலும் தீவுத் திட்டுகளிலும் வாழ்பவர்களில் கணிசமானோருக்குப் பட்டா இல்லை. ஆறு நிலத்தைத் தின்று வேறிடத்தில் துப்புகிற பிரம்மபுத்திராவின் சர் திட்டுகளில் பட்டா என்ற கருத்தே தடுமாறுகிறது. ஏட்டில் இருக்கும் நிலம் நீருக்கடியில் கிடக்கிறது, குடும்பம் குடியிருக்கும் மணல்திட்டு ஏட்டில் இல்லை. இவர்களுக்கு அங்கீகாரம் எங்கிருந்து வரும்? வெள்ளத்துக்கு மிக அருகில் இருப்பவரே வெள்ள உதவிக்கு மிகத் தொலைவில் நிறுத்தப்படுகிறார்.

கேரளத்தின் காயல் தீவுகள் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, இத்தீவுகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ளூர்ச் சமூகத்தினரின் ஏற்கெனவே உள்ள வீடுகளைப் பழுதுபார்க்கலாம், மீண்டும் கட்டலாம், புதிதாகக் கட்டக் கூடாது என்றது. நல்ல விதிதான்; எழுதியவர்களின் நோக்கத்தில் குறைகாண இயலாது. ஆனால் கடலோர மண்டலத்தின் வளர்ச்சித் தடைப் பகுதிக்கான பொதுவிதி, பழுதுபார்ப்பு இருக்கும் தளப்பரப்புக் குறியீட்டையும் அடித்தளப் பரப்பையும் குடியிருப்பு அடர்த்தியையும் மிஞ்சக் கூடாது என்கிறது; அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருந்தால் மட்டுமே. அனுமதியின்றிக் கட்டிய வீட்டுக்குக் கேரள ஊராட்சிகள் 'யு.ஏ.' என்ற முன்னொட்டுடன் ஓர் எண் தருகின்றன. அந்த எண்ணைக் காட்டி வரி வாங்குவார்கள். வீடு அங்கீகாரம் பெற்றதாகிவிடாது.

விதி அளப்பது பரப்பை. வெள்ளம் அளப்பதோ உயரத்தை. மன்றோ தீவிலும் கொச்சியைச் சுற்றிய காயலோர ஊர்களிலும் ஓதம் ஏறும் நாள்களில் உப்புநீர் வீட்டுக்குள் நுழைந்து சுவரை அரிக்கிறது. அங்கே ஒரு குடும்பத்துக்குத் தேவை பேஸ்மட்டத்தை உயர்த்துவது. முடிந்தால் வெள்ளத்தின்போது ஏறி அமர மேலே ஓர் அறை. முன்னதைப் பற்றி விதி வாய்திறக்கவில்லை. ஆகவே அது அதிகாரியின் விருப்பம். பின்னது தளப்பரப்பைக் கூட்டுவதால் விதிமீறல். உயிர்காக்கும் அறை சட்டவிரோதம், நனைந்து நொறுங்கும் சுவர் சட்டபூர்வம் என்பதே இதன் நடைமுறைப் பொருள். குட்டநாட்டில் 2018க்குப் பின் பல குடும்பங்கள் ஜாக்கிகளை வைத்து வீட்டையே முழுதாகத் தூக்கி அடியில் கட்டுமானம் எழுப்பிக்கொண்டன. செலவு செய்யக் கூடியவர்கள் செய்தார்கள். மற்றவர்கள் மணல்மூட்டையோடு நின்றார்கள்.

மரடு அடுக்ககங்கள் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி, சட்டம் செல்வந்தரையும் விடவில்லையே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மை, விடவில்லை. ஆனால் அதே வழக்கில் உச்சநீதிமன்றம் ஒவ்வொரு உரிமையாளருக்கும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அது தவறன்று, அனுமதியை நம்பி வாங்கியவர்கள் அவர்கள். கேள்வி வேறு. உள்ளாட்சியின் அனுமதியை நம்பியவருக்கு இழப்பீடு உண்டு என்றால், அதே உள்ளாட்சி வாங்கிக்கொண்ட வரியையும் கொடுத்த மின்னிணைப்பையும் ரேஷன் அட்டையையும் நம்பியவருக்கு ஏன் எதுவும் இல்லை?

'பழுதுபார்ப்பை அனுமதித்தால் ஆக்கிரமிப்பு நிலைத்துவிடும்' என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இதைச் சூழலியலாளர்களும் சொல்கிறார்கள், வருவாய்த் துறையினரும் சொல்கிறார்கள். இவ்விருவரும் ஒரே குரலில் பேசும் அரிய தருணம் இது. ஆனால் அவ்வாதம், பழுதுபார்க்க முடியாதவர் இடம்பெயர்ந்துவிடுவார் என்று கருதிக்கொள்கிறது. கோசியின் இரு கரைகளுக்கும் நடுவே சென்று பார்த்தால் அக்கருத்து எவ்வளவு பொய் என்று விளங்கும். 1955இல் தொடங்கிய கரைகட்டும் பணி நூற்றுக்கணக்கான கிராமங்களைக் கரைகளுக்கு உள்ளேயே விட்டுவிட்டது. அவர்கள் ஆற்றை ஆக்கிரமிக்கவில்லை. அரசு ஆற்றை இழுத்து அவர்கள்மேல் விட்டது. அறுபது, எழுபது ஆண்டுகளாக மூங்கிலாலும் புல்லாலும் கட்டி, இழந்து, மீண்டும் கட்டி அங்கேயே வாழ்கிறார்கள். 2024 செப்டம்பரில் பீர்பூர் தடுப்பணையிலிருந்து 6.61 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோதும் அங்கேதான் இருந்தார்கள். செல்ல வேறிடம் இல்லாதவரிடம் பழுதுபார்க்கும் உரிமையைப் பறித்தால், அவர் முன்பிருந்த இடத்திலேயே முன்பைவிடப் பலவீனமான வீட்டில் வாழ்வார். அவ்வளவே நிகழும்.

வேடிக்கை என்னவென்றால், என்ன செய்ய வேண்டும் என்பது அரசுக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும். மத்திய நீர் ஆணையம் 1975இல் வெள்ளச் சமவெளி வகைப்பாட்டுக்கான மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978இலும் ராஜஸ்தான் 1990இலும் உத்தராகண்ட் 2012இலும் சட்டமியற்றின. வெள்ளத்திலேயே வாழும் பீகாரும் அசாமும் இயற்றவில்லை. இவ்வகைப்பாட்டின் நெறிகளில், குடியிருப்புகள் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடிய வெள்ள மட்டத்துக்கு மேல் அமைய வேண்டும், ஆபத்தான பகுதிகளில் வீடுகள் தூண்கள்மீது நிற்க வேண்டும் என்ற கருத்துகள் இடம்பெற்றுள்ளன. மாஜுலியிலும் தேமாஜியிலும் மிசிங் மக்கள் பல தலைமுறைகளாகக் கட்டிவரும் சாங் கர் என்னும் மூங்கில்கால் வீடு வேறென்ன? நீர்மட்டம் கூடக்கூடக் கால்களை நீட்டி மூங்கில்தளத்தை உயர்த்திக்கொள்ளும் அவ்வீட்டில், பழுதுபார்ப்பு என்பது வாழ்வின் ஆண்டுச் சடங்கு. ஊரக வீட்டுத் திட்டமோ அடித்தளம், ஜன்னல் மட்டம், லிண்டல், கூரை என்ற செங்கல் வீட்டின் படிநிலைகளைப் படமெடுத்துத் தவணை விடுவிக்கும் மனநிலையில் வளர்ந்தது. கட்டி முடித்த வீட்டுக்கு அதில் பணம் உண்டு. ஆண்டுதோறும் உயரும் வீட்டுக்குத் தலைப்பே இல்லை.

சில இடங்கள் கைவிடப்பட வேண்டியவை என்பதை மறுப்பதற்கில்லை. கரை அரிப்பு வாசலுக்கு வந்துவிட்ட ஊரில் பேஸ்மட்டத்தை உயர்த்தி என்ன பயன்? அங்கே மாற்று நிலம் முதலில் வர வேண்டும், இடிப்பு ஆணை அதன்பின் வரட்டும். ஏனைய இடங்களில் பழுதுபார்க்கும் அனுமதியை நில உரிமையிலிருந்து பிரித்துவிடலாம்: குடியிருப்பவர் வீட்டைச் செப்பனிடலாம், அதனால் பட்டா உரிமை பிறக்காது என்று எழுதிவிட்டால் ஆக்கிரமிப்பு அச்சமும் தீரும். ஊர்தோறும் உச்ச வெள்ள மட்டத்தைக் கம்பத்தில் குறித்து, தரை அதற்கு மேல் உயர வேண்டும் என்பதையே உதவித்தொகையின் நிபந்தனையாக்கலாம். ஏறி அமரும் ஒற்றை அறையைத் தளப்பரப்புக் கணக்கிலிருந்து விலக்கலாம். பேரிடர் உதவிப் பட்டியலின் காலம் 2026 மார்ச்சோடு முடிவதாகவே வகுக்கப்பட்டது. அடுத்த பட்டியலில், குடியிருக்கும் ஒற்றை வீடுகளைப் பொறுத்தவரையேனும், 'அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம்' என்ற குறிப்பை நீக்கிவிட்டு 'வெள்ளத்தின்போது குடியிருந்த வீடு' என்று எழுத நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஒரு கடிதம் போதும்.