கோழிக்கு வந்தது எந்த நோய்? சோதனை முடிவு வரும்வரை புரளிக்குத்தான் ராஜ்யம்!

"கோழிக்கு சீக்காம்!"

இந்த ஒரு பேச்சு கிளம்பினால் போதும். மறுநாள் கறிக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

2021 ஜனவரியில் இதுதான் நடந்தது. கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மாதிரிகள் போபாலுக்குப் போயின. பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. தமிழக எல்லையில் சோதனைச் சாவடி போட்டு கேரளக் கோழி வண்டிகளை மறித்தார்கள். நாமக்கல் பண்ணைகளில் நோய் இல்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது. நோய் வராத ஊருக்கும் நஷ்டம் வந்தது!

பார்த்தால் தெரியாதா?

தெரியாது. அதுதான் சிக்கல். கோழி தும்முகிறது, மூச்சுத் திணறுகிறது, முட்டை குறைகிறது. இது ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். மூச்சுக்குழல் அழற்சி நோயாக இருக்கலாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். மூன்றுமே வைரஸ் கிருமியின் வேலை.

வெள்ளைக் கழிச்சல் என்றால் தடுப்பூசி இருக்கிறது. மிச்சக் கோழிகளைக் காப்பாற்றப் பார்க்கலாம். பறவைக் காய்ச்சல் என்றாலோ, சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் உள்ள கோழி, வாத்து அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். நோயின் பெயரில்தான் பண்ணையின் தலையெழுத்தே இருக்கிறது!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கோழியின் மூச்சுக்குழலிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஐஸில் வைத்து அனுப்புகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அதை 9 முதல் 11 நாள் வரை கரு வளர்ந்த முட்டைக்குள் செலுத்துகிறார்கள். கிருமி இருந்தால் முட்டைக்குள் பெருகும். அந்த நீரைக் கோழியின் ரத்தச் சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். ராணிக்கெட் கிருமியும் ஒட்டவைக்கும், பறவைக் காய்ச்சல் கிருமியும் ஒட்டவைக்கும். அப்புறம் ஒவ்வொரு நோய்க்கும் உரிய எதிர்ப்பு மருந்து நீரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எது ஒட்டுவதைத் தடுக்கிறதோ, அந்த நோய்தான்!

இதற்குப் பல நாள் ஆகும். பி.சி.ஆர். சோதனையோ சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

தாமதம் எங்கே?

மாதவரத்திலும் நாமக்கல்லிலும் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் உள்ளன. ஆனால் பறவைக் காய்ச்சல் என்றால் கடைசித் தீர்ப்பு போபாலில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்தில்தான். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் இந்நோய் முதன்முதலில் இந்தியாவுக்குள் வந்தபோதும் அங்கேதான் உறுதி செய்தார்கள். கொடிய கிருமி; கட்டுக்காவலுள்ள இடத்தில் சோதிப்பதே நியாயம்.

ஆனால் மாதிரி பயணம் போய் முடிவு வரும்வரை வாய் மூடி இருந்தால், அந்த இடைவெளியில் புரளி புகுந்துவிடும். "சந்தேகம் இன்ன ஊரில், மாதிரி இன்ன தேதியில் போனது, முடிவு இது" என்று அதிகாரிகள் அன்றன்றே சொல்ல வேண்டும். பண்ணைக்காரரும் கோழி செத்தால் மறைக்காமல் உடனே தகவல் தர வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 70 டிகிரி சூட்டில் உள்ளே வரை வெந்த கறியில் இந்தக் கிருமி பிழைக்காது. அரைவேக்காடு வேண்டாம், புரளியும் வேண்டாம்!