முகப்பருவுக்கு ஹார்மோன் மாத்திரை: தோழியின் சீட்டில் வாங்கலாமா?

“எனக்கு மூணே மாசத்துல பரு போயிடுச்சுடி, நீயும் போடு.” அம்பத்தூர் ஆபீஸ் கேன்டீனிலோ ஆவடி ஹாஸ்டலிலோ இந்த அட்வைஸ் உங்களுக்கும் வந்திருக்கலாம். வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

என்ன மருந்து?

ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பெண்கள் உடலிலும் கொஞ்சம் உண்டு. அது கூடினால் தாடையில் பரு, முகத்தில் முடி, தலையில் முடி உதிர்வு. இதற்கு டாக்டர்கள் தரும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு: சைப்ரோட்டிரோன்-ஈஸ்ட்ரோஜன் கூட்டு மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன்.

ரிஸ்க் என்ன?

கூட்டு மாத்திரையால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வரலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. இந்த வகையைச் சேர்ந்த ‘டயான்-35’ஆல் 25 ஆண்டுகளில் 4 பேர் இறந்ததாகக் கூறி, 2013-ல் பிரான்ஸ் விற்பனையை நிறுத்த முடிவெடுத்தது. ஐரோப்பிய மருந்து முகமை மறுஆய்வு செய்து, மற்ற சிகிச்சை பலிக்காத பருவுக்கு மட்டும் தரலாம் என்றது. சிகரெட் பழக்கம், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் ரத்த உறைவு இருந்தால் ஆபத்து கூடும்.

ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் பிரஷர், இதய நோய் மருந்து. கர்ப்பத்தில் ஆண் சிசுவைப் பாதிக்கக்கூடும்.

அப்போ என்ன செய்யணும்?

பீரியட்ஸும் தள்ளிப்போகுதா? பிசிஓஎஸ் இருக்கலாம். அது உள்ளவர்களில் 70% பேர் வரை கண்டறியப்படாமலே இருக்காங்க என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடன் வாங்கிய மாத்திரை பருவை மறைக்கும். காரணம் உள்ளேயே இருக்கும். டெஸ்ட் பண்ணிட்டு, உங்க பெயரில் சீட்டு வாங்குங்க.

மாத்திரை போடும்போது ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.