உயிரோடு மிஞ்சிய அடியாள்

ஐஸ் ஹாக்கியில் 'என்ஃபோர்சர்' என்றொரு வேலை உண்டு. நம்மூர் பாஷையில் அடியாள். கோல் போடுவது அவன் பொறுப்பல்ல; கையுறையைக் கழற்றி வீசிவிட்டு எதிரணி அடியாளோடு முஷ்டியால் மோத வேண்டும். என்.ஹெச்.எல். விதிப்படி இதற்குத் தண்டனை ஐந்து நிமிடம் பெட்டியில் உட்காருவது. அப்புறம் வந்து ஆடலாம்.

இதைக் கொண்டாடுகிறவர்கள் உடனே எடுத்து நீட்டும் பெயர் ஜான் பிராஃபி. கனடாவின் நோவா ஸ்கோஷியாக்காரர். என்.ஹெச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், கீழ்நிலை லீகுகளிலேயே காலம் தள்ளிய பின்கள வீரர். கிழக்கு ஹாக்கி லீகில் மட்டும் அவருடைய தண்டனைக் கணக்கு 3,800 நிமிடங்களுக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: 63 முழு ஆட்டங்கள். பிறகு பயிற்சியாளரானார். 1986இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கே தலைமைப் பயிற்சியாளர். அதன்பின் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் அட்மிரல்ஸுக்கு 1991, 1992, 1998 என மூன்று கோப்பைகள். ஈ.சி.ஹெச்.எல். லீக் தன் சிறந்த பயிற்சியாளர் விருதுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறது. 2016இல், 83 வயதில் இறந்தார்.

"பாத்தியா, முரட்டு ஆளுதான், ஆனா எப்படி ஜெயிச்சான்!" என்கிறார்கள்.

சரி சார். டெரெக் பூகார்டை ஏன் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை? என்.ஹெச்.எல்.லில் 277 ஆட்டங்கள், மூன்றே கோல்கள். 2011 மே மாதம் வலி மாத்திரையும் மதுவும் கலந்து இறந்தபோது வயது 28. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் மூளையில் சி.டி.இ. இருப்பதைக் கண்டார்கள், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியோடு தொடர்புடைய சிதைவு நோய். அதே கோடையில் ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என்று இன்னும் இரண்டு அடியாட்கள் போனார்கள்.

மென்பொருள் வேலையில் நான் கற்ற பாடம் ஒன்று: ஓடுகிற சர்வரிடம் மட்டும் விசாரித்தால் எல்லாம் நலம் என்றுதான் தெரியும். செத்த சர்வர் லாக் அனுப்பாது. பிராஃபியின் திறமையை நான் மறுக்கவில்லை. அவர் கதையைக் காட்டி இந்த வேலைக்கு நற்சான்றிதழ் கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

"அடியாள் இல்லேன்னா நட்சத்திர வீரனை யார் காப்பாத்துவா?" என்று கேட்பார்கள். நடுவர் எதற்கு இருக்கிறார்? ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியிலும் சண்டை போட்டால் ஆட்டத்தைவிட்டே வெளியே. அங்கேயும் நட்சத்திரங்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் என்பது தண்டனையே இல்லை, கட்டணம். அதைக் கட்டுவது அணி முதலாளி அல்ல, அடி வாங்குகிறவனின் மூளை.

பிராஃபிக்குப் பெயரில் ஒரு விருது இருக்கிறது, இருக்கட்டும். பூகார்டுக்குப் பயிற்சியாளராகும் வயதே வரவில்லை.