அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியது யார்?

திருப்பனந்தாளில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். போன வாரம் ஒரு கைடைக் கொண்டுவந்து நீட்டினாள். டி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ நெடுங்கவிதையில் வரும் ஓவியத்தைப் பற்றிய கேள்வி. அந்த ஓவியம் அறையின் அழகைக் கூட்டுகிறது என்று விடை போட்டிருந்தது.

“அக்கா, படத்துல இருக்கறது ஒரு பொண்ண நாசம் பண்ண கதை. அது எப்படிக்கா அழகு?”

அவள் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

1922இல் வெளிவந்த கவிதை அது. இரண்டாம் பகுதி ஒரு பணக்காரப் பெண்ணின் அறையில் தொடங்குகிறது. பளிங்கு, நகை, வாசனைத் திரவியம், மெழுகுவர்த்தி. சுவரில் ஓர் ஓவியம், ஜன்னல் வழியே காடு தெரிவதுபோல. அதில் இருப்பவள் பிலோமெலா. கிரேக்கக் கதையில் அக்காள் புருஷனான அரசன் அவளை வல்லுறவு செய்கிறான்; வெளியே சொல்லிவிடக் கூடாதென்று நாக்கை அறுக்கிறான். கடைசியில் அவள் பறவையாகிறாள்.

எலியட் இதை அழகென்று விட்டுவிடவில்லை. அவள் கதறல் அழுக்கேறிய காதுகளுக்கு வெறும் பறவைச் சத்தமாகத்தான் கேட்கிறது என்கிறார். கைடு எழுதியவரின் காது எந்தக் காது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எலியட்டிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. நாக்கை இழந்த பிலோமெலா முடங்கிவிடவில்லை. நடந்ததையெல்லாம் துணியில் நெய்து அக்காளுக்கு அனுப்பினாள். ஓவிட் எழுதிய கதையில் இது இருக்கிறது. ஆக, ஒரே கொடுமைக்கு இரண்டு படங்கள். அவள் நெய்தது சாட்சி. அறையில் தொங்குவது அலங்காரம். கவிதைக்குள் வந்தது அலங்காரம் மட்டுமே. அதே பகுதியில் லில் என்ற ஏழைப் பெண் வருகிறாள். ஐந்து பிள்ளைகள் பெற்றவள், கருவைக் கலைக்க மாத்திரை விழுங்கி உடம்பு கெட்டவள். அவள் கதையையும் மதுக்கடையில் இன்னொருத்திதான் சொல்கிறாள். லில் நேராகப் பேசுவதே இல்லை.

ஓவியத்தில் பார்வைக் கோணம் என்பது வரைந்தவர் நின்ற இடம். அது தெரியாமல் அழகைப் பேச முடியாது.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டாம். நம் டெல்டாவின் நந்தனைப் பாருங்கள். திருப்புன்கூரில் வெளியே நின்ற அவருக்காக நந்தி விலகியது என்று நெகிழ்கிறார்கள். நந்தி நகர்ந்தது சரி, நந்தன் நின்ற இடம் நகர்ந்ததா? சிதம்பரத்தில் அவர் தீயில் இறங்கிப் பூணூலோடு எழுந்தார் என்கிறது பெரியபுராணம். அந்தத் தீயைப் படமாக வரைகிறவர்கள் பொன்னிறத்தில் வரைகிறார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தீ பொன்னிறமாகவா தெரியும்?

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணிக் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும் நிலக்காரர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது உயர் நீதிமன்றம். அதுவும் ஒரு பார்வைக் கோணம்தான். காரின் ஜன்னலிலிருந்து பார்த்தது.

“கலையில் சாதியைத் தேடாதீர்கள், அழகை ரசியுங்கள்” என்று நமக்குச் சிலர் பாடம் எடுக்கிறார்கள். நாங்கள் எதையும் தேடவில்லை, ஐயா. படத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். நீங்கள் சட்டத்தின் வேலைப்பாட்டைப் பார்க்கிறீர்கள். நாங்கள் அறுபட்ட நாக்கைப் பார்க்கிறோம். ரசனை இல்லாததால் அல்ல, அந்த வலி எங்கள் வீட்டுக்குத் தெரிந்த வலி என்பதால்.

தம்பிகளே, தங்கைகளே, எலியட்டைத் தூக்கி எறியாதீர்கள். நன்றாகப் படியுங்கள். அந்தக் கவிதை கைடுக்காரர்களை விட நேர்மையானது. ஆனால் எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வரைந்தவர் எங்கே நின்றார்? மாட்டியவர் யார்? படத்தில் இருப்பவள் தானே ஒன்று நெய்திருந்தால் அது இப்போது எங்கே?

தங்கை தேர்வில் இதையே எழுதப்போகிறாளாம். மதிப்பெண் குறையலாம் என்றேன். “குறையட்டும்க்கா” என்றாள்.

அவள் நெய்யத் தொடங்கிவிட்டாள்.

ஜெய்பீம்.