வேருக்குக் காவலாய் ஒரு பாக்டீரியா

போர்ட் கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்புறம் அம்மா நட்டிருந்த வெண்டைச் செடிகள் சென்ற ஆண்டு வாடத் தொடங்கின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. அவரைச் செடியின் வேர் முடிச்சுகளைப் பற்றி இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்திருந்த நான், “நல்லதுதானம்மா, தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா” என்று அளந்துவிட்டேன். தவறு! வெண்டைக்கு அந்த முடிச்சு வராது. வேருக்குள் புகுந்து உணவை உறிஞ்சும் நூற்புழுவின் வேலை அது.

கடைக்குப் போனால் “மருந்து போடுங்க” என்பார்கள். நஞ்சை மருந்தென்று அழைத்தே பழகிவிட்டோம். தோட்டத்தில் நம் பாட்டிமார் முதுகில் சுமந்து அடித்ததும் ‘மருந்து’தானே! டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிலாளர்கள் பலர் பிள்ளைப்பேறு இழந்தது 1977இல் தெரியவந்தது. குருணையாகத் தூவும் கார்போஃபியூரானுக்கு நம் நாடு 2023இல் தடை விதித்தது. வரவேற்கிறேன். ஆனால், அதற்குப் பதிலாக நம் சிறு விவசாயி எதைப் போடுவார்?

மண்ணிலேயே விடை இருக்கிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற மண் பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து கொடுக்கிறது. கிலோ விதைக்கு 10 கிராம். எக்டருக்கு இரண்டரைக் கிலோவைத் தொழு உரத்தோடு கலந்து இட வேண்டும். இது வேரைச் சுற்றிக் குடியேறி, புழுவுக்கு ஆகாத பொருள்களைச் சுரக்கிறது. செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. பாஸ்டூரியா பெனட்ரன்ஸ் இன்னும் வியப்பானது. அதன் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி உள்ளே பெருகுகின்றன. பெண் புழுவின் உடலில் முட்டைக்குப் பதிலாகப் பாக்டீரியா வித்துகளே நிறைந்துவிடும்!

மாயம் எதுவும் இல்லை. நஞ்சைப்போல உடனே கொல்லாது. முடிச்சு விழுந்த வேரை மீட்காது. நடும் முன்பே இட வேண்டும். பழைய பொட்டலத்தில் பாக்டீரியா செத்திருந்தால் வெறும் தூள்தான். இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

கோவையில் இவையெல்லாம் தமிழிலேயே விவசாயிக்குக் கிடைக்கின்றன. இங்கே நம் கழகத்தில் வேளாண்மையும் உயிரியலும் படிப்போர் இருக்கிறோம். கவிதைப் போட்டி வேண்டாமென்று சொல்லவில்லை (நானும் பரிசு வாங்கியவன்தான்). ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் காய்கறி போடும் நம்மவர்களிடம் இதைத் தமிழில் பேச முடியாதா? முன்னாள் மாணவர்களே, வேளாண் துறையில் இருப்போர் முன்வாருங்கள்.

அம்மா அந்தப் பாத்தியில் இப்போது செண்டுமல்லி நட்டிருக்கிறார். அதன் வேரும் நூற்புழுவை அடக்குமாம். இம்முறை புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.