"பாலிஷா? அது அழகுக்குத்தான் தம்பி!"

போன மாசம் ஊருக்குப் போனப்ப, தேனியில ஒரு கிளினிக்ல கடைவாய்ப்பல்லை அடைச்சுக்கிட்டேன். பல் கலர்லயே வைப்பாங்களே, அந்த காம்போசிட். நீல லைட்டு அடிச்சு, கடிச்சுப் பாக்கச் சொல்லி, உசரமா இருந்த இடத்தை டைமண்ட் பர்ரால நாலு இழுப்பு. "முடிஞ்சுது தம்பி, எந்திரிங்க." நாக்கை வச்சா உப்புத்தாள்! கேட்டதுக்கு, "பாலிஷ் அழகுக்குத்தான். கடைவாயை யாரு பாக்கப் போறா? பழகிடும்."

பழகிடுச்சு, நாக்குக்கு. கிருமிக்கும்தான்.

மக்களே, இந்த 'அழகுக்குத்தான்' எவ்வளவு பெரிய உடான்ஸ்னு பாக்கலாம். காம்போசிட்ங்கறது பிசின்ல கண்ணாடித் தூள் கலந்த சமாச்சாரம். பிசின் மெத்து, தூள் கெட்டி. பர் போட்ட கோடுகளை அப்படியே விட்டா அழுக்குப் படலம் தங்கறதுக்குத் தோதான பள்ளம். ஈறு வீங்கும், அடைப்பு ஓரத்துல மறுபடி சொத்தை வரலாம். நம்ம டீயும், குழம்பு மஞ்சளும், கம்பம் திராட்சையும் கறையா உக்காந்துக்கும். தானா தேஞ்சு வழவழப்பாகாதான்னு கேப்பீங்க. ஆகாது. முதல்ல தேயறது மெத்தான பிசின், தூள் துருத்திக்கிட்டு நிக்கும்.

1997ல போலன் குழு வெளியிட்ட கட்டுரை சொல்ற எல்லை 0.2 மைக்ரான். சொரசொரப்பு அதைத் தாண்டினா கிருமி சேர்றது ஏறிக்கிட்டே போகும். ஆனா சுமார் 0.5 மைக்ரான் வந்தாத்தான் நாக்குக்கே உறைக்கும். நடுவுல இருக்கற இடைவெளியைக் கவனிங்க. நாக்குக்கு ஒண்ணும் தெரியலைன்னாலும் கிருமிக்கு அது சௌகரியமான வீடு. 'பழகிடும்' எவ்வளவு ஆபத்தான ஆறுதல்னு புரியுதா?

"மைலார் பட்டை வச்சு அமுக்கினாலே பளபளன்னு வருமே" அப்படின்னு சில பேர் கிளம்புவாங்க. வரும், அதைவிட வழவழப்பு கிடையாது. ஆனா மேல நிக்கறது வெறும் பிசின், சீக்கிரம் தேயும். அதுவுமில்லாம கடி சரிபண்ண பர் வச்ச நிமிஷமே அது போச்சு.

வழி ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அலுமினியம் ஆக்சைடு டிஸ்க், கரடுமுரடுல ஆரம்பிச்சு நைசு வரைக்கும், ஒண்ணையும் தாண்டாம வரிசையா. கடைவாய்ப் பள்ளத்துக்கு டிஸ்க் எட்டாது, அங்க ரப்பர் பாயிண்ட். உத்தமபாளையத்துல எங்க வீட்டுக் கதவு செஞ்ச ஆசாரி அண்ணன் 80 நம்பர் உப்புத்தாள் தேச்சுட்டு நேரா வார்னிஷ் அடிச்சாரா? 120, 220ன்னு ஏறித்தானே வந்தார்? முந்தின தாள் போட்ட கோட்டை அடுத்த தாள் அழிக்கணும், அவ்வளவுதான்.

டாக்டர்கள் எல்லாம் மோசம்னு சொல்லலை. வாசல்ல இருபது பேர், டிஸ்க்குக்கும் காசு. நாமளும் கம்பம் பஸ் போயிடும்னு பாதியில எந்திரிக்கற ஆளுங்கதான். டெஸ்டிங்கை முழுங்கிட்டு ரிலீஸ் விடற தொழில்ல இருக்கற எனக்கு அந்தக் குறுக்குவழி நல்லாவே தெரியும். ஆனா பாதரச அடைப்பைக் குறைக்கச் சொல்ற மினமாட்டா ஒப்பந்தம் 2017ல அமலுக்கு வந்தாச்சு. இனி காம்போசிட்தான் அதிகமாகும். அதனால பாலிஷை 'எக்ஸ்ட்ரா' பட்டியல்லேர்ந்து தூக்குங்க. அது சிகிச்சையோட கடைசிப் பாதி.

அடுத்த தடவை நாற்காலியை விட்டு எந்திரிக்கும்போது ஒரே கேள்வி கேளுங்க: "டாக்டர், பாலிஷ் போட்டாச்சா?"

டிஸ்கி: பல் டாக்டர் பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து குட்டலாம். பல்லை மட்டும் உடைச்சுடாதீங்க :-)